பக்கவாசலுக்கு வெளியே

தொட்டியின் மேல் கிடந்த பலகைகளைத் தூக்கிய அன்று நான் ஆலயத்துக்குப் போயிருக்கக் கூடாது. முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்திருக்கலாம். வலி பொய்யும் இல்லை. ஆனால் சபைச் செயலாளர் என்ற முறையில் சாவி என்னிடம் இருந்தது. சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டு நிம்மதியாக உட்காரும் குணம் எனக்குக் கிடையாது.

எங்களுடையது ஆம்பூர் கடைவீதிக்குப் பின்னால், தோல் கிடங்குகளுக்கு நடுவில் இருக்கும் பாப்டிஸ்ட் சபை. எங்கள் சபையில் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிப்பதில்லை. வளர்ந்து, தானாக விரும்பி வருகிறவரைத் தண்ணீரில் முழுதாக அமிழ்த்தி எடுப்போம். அதற்காகப் பிரசங்க மேடைக்கு அடியிலேயே ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. நான்கு படி இறங்கினால் மார்பளவு ஆழம். மற்ற நாட்களில் பலகையால் மூடி, மேலே ஜமக்காளம் விரித்துவிடுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு, பாஸ்டர் நிற்பது ஒரு பள்ளத்தின் மேல் என்பதே தெரியாது.

அன்றைக்கு ஜமக்காளத்தைச் சுருட்டி, பலகைகளைச் சுவரில் சாய்த்திருந்தார்கள். உள்ளேயிருந்து பாசியும் பழைய சுண்ணாம்பும் கலந்த வாடை வந்தது. எங்கள் சபைக்கு வரும் ஷூ கம்பெனிக்காரி வசந்தா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு பாய் தன் போர்வெல்லிலிருந்து ஹோஸ் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். தோல் கழிவு இறங்கிய எங்கள் போர்வெல் தண்ணீரின் நிறத்தை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். என் மூத்த மகனை விடச் சின்னவர்.

"முழுக்குக்கு ஏழு பேரும்மா. ஏழும் பொம்பளைங்க. எஸ்தர் டீச்சர் பையன் வீட்டுக்குச் சென்னைக்குப் போய்ட்டாங்க, அவங்களால இனிமே முடியாது. நீங்கதான் தண்ணில நிக்கணும்."

நான் சரி என்றேனா, தலையாட்டினேனா, நினைவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்தவளின் பழக்கம். நாடி ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து பெயர்கள்

பெண்கள் முழுக்கு எடுக்கும்போது பாஸ்டருக்கு எதிர்ப்பக்கம் சபையின் மூத்த பெண்மணி ஒருவர் தண்ணீரில் நிற்பது எங்கள் வழக்கம். இறங்குகிறவளின் முதுகை ஒரு கையால் தாங்க வேண்டும். எழுந்ததும் துண்டைப் போர்த்த வேண்டும். அவரும் அதே தொட்டியில் முழுக்கு எடுத்தவராக இருக்க வேண்டும். இதை யார் ஏற்படுத்தினார்களோ தெரியாது, மாற்ற யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

நான் அந்தத் தொட்டியில் இறங்கியதே இல்லை.

இதை எழுதி முடித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகைத் தொடரில் உங்களுக்கு நான் எழுதிய எதிலும் இது இல்லை. என் நர்ஸிங் ஹாஸ்டல், என் கல்யாணம், கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் பெட்டி தொலைந்தது எல்லாம் எழுதினேன். இதைத் தாண்டித் தாண்டித்தான் எழுதிவந்தேன்.

நான் சோளிங்கர் பக்கத்துப் பெண். தலையில் தெளிக்கும் சபையில், கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவள். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தபோது ஆம்பூர் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை டிராயிங் மாஸ்டர், தாத்தா காலத்திலிருந்து பாப்டிஸ்ட். பெண் முழுக்கு எடுத்தால்தான் இந்த ஆலயத்தில் தாலி கட்ட முடியும் என்றார்கள். அப்பா சரி என்றார். நானும் சரி என்றேன்.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். எட்டு வயதில் எங்கள் ஊர்க் கிணற்றில் விழுந்தேன், பின்னலைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். இன்றைக்கும் தலையில் தண்ணீர் ஊற்றும்போது கண்ணைத் திறந்தே வைத்திருப்பேன். சோப்பு எரிந்தாலும் மூட மாட்டேன்.

முழுக்குக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் ஐந்து பேர். அதில் மூன்று பேர் ஆஸ்பத்திரிப் பெண்கள் என்பதால், டியூட்டிக்குத் தகுந்தபடி காலையில் சிலர், மாலையில் சிலர் என்று பிரித்திருந்தார்கள். அப்போதிருந்த பாஸ்டர் வயதானவர், இரண்டு கண்ணிலும் புரை. ஞாயிற்றுக்கிழமை கை ஈரமாகி நடுங்கும் என்று, ஐந்து பெயரையும் சனிக்கிழமை மாலையே ரிஜிஸ்தரில் அழகாக எழுதி வைத்துவிட்டார்.

நான் காலையிலும் போகவில்லை, மாலையிலும் போகவில்லை. டியூட்டி இருந்தது என்பது உண்மை. அந்த டியூட்டியைத் தோழியிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டவள் நான் என்பதும் உண்மை. காலையில் இருந்தவர்கள் நான் மாலையில் இறங்குவேன் என்று நினைத்தார்கள். மாலையில் இருந்தவர்கள் காலையிலேயே இறங்கிவிட்டேன் என்று நினைத்தார்கள். தண்ணீரில் நின்ற பெண்மணிகளும் காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர்; கண் மங்கிய பாஸ்டர் எண்ணிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை கிருஷ்ணகிரியில் பரீட்சை வேலையாக இருந்தார்.

அடுத்த வாரம் போனேன், அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான். வாசலிலேயே பாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமா, தண்ணி ரொம்ப சில்லுனு இருந்துதா?"

"ஆமாம் பாஸ்டர்" என்றேன்.

அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையில்தான் என் கல்யாணம், என் திருவிருந்து, என் செயலாளர் பதவி எல்லாம் நின்றன. மாதம் ஒரு முறை திருவிருந்தில் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கும்போதெல்லாம் அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். தள்ளிப்போடப் போட, சொல்வது இன்னும் கஷ்டமானது.

நாற்காலிகள் மாறின கதை

எங்கள் சபையை ஆரம்பித்தது ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. முதலில் சேர்ந்தவர்கள் தோல் மண்டிக் குமாஸ்தாக்களும் காவல்காரர்களும். அவர்கள் பிள்ளைகள் டீச்சர்கள் ஆனார்கள். பேத்திகள் நர்ஸ் ஆனார்கள். நான் வந்தபோது ஆலயத்தில் தேக்கு பெஞ்சுகள். எந்த பெஞ்சில் எந்தக் குடும்பம் என்று எழுதி ஒட்டாத குறைதான். பெங்களூரிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர் தெரியாமல் என் மாமனார் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மாமனார் ஆராதனை முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. சென்னை, பெங்களூரு, துபாய், ஆஸ்திரேலியா. என் இரண்டு பிள்ளைகளும்தான். பெஞ்சுகள் காலியாகின, கரையான் ஏறியது, பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஒரு ஈஸ்டருக்கு எண்ணிப் பார்த்தேன், பதினெட்டுப் பேர்.

அப்புறம் ஷூ கம்பெனிப் பெண்கள் வந்தார்கள். நாட்றம்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வந்து, ஊரிலேயே வாடகைக்குத் தங்கிவிட்டவர்கள். முதலில் ஒருத்தி வந்தாள், அவள் தன் லைனில் பக்கத்து மெஷின்காரியைக் கூட்டிவந்தாள். சில கம்பெனிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் வார லீவு என்பதால், வெள்ளி மாலையும் ஒரு ஆராதனை தொடங்கினோம். லீவு இல்லாதவர்கள் ஷிப்ட் முடிந்து கழுத்தில் அடையாள அட்டையோடு, புடவையில் பசை வாடையோடு வந்து உட்காருவார்கள். பாட்டுக்குக் கை தட்டுவார்கள். எங்கள் ஆட்கள் கை தட்ட மாட்டார்கள். எங்களுக்குப் பேஜாராக இருந்தது.

கூட்டம் சேர்ந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பாப்டிஸ்ட் சபையில் பிஷப் கிடையாது. எதையும் அங்கத்தினர்கள் கை தூக்கித்தான் தீர்மானிக்க வேண்டும். எங்கள் கைகள் கம்மியாகிக்கொண்டே வந்தன. அவர்களும் அங்கத்தினர் ஆனால் அவர்கள் கைகள்தான் ஜாஸ்தியாக இருக்கும். நான் பயந்தேன். வேறு நல்ல வார்த்தை எதுவும் போட்டு அதை மறைக்க விரும்பவில்லை.

வசந்தா நின்ற இடம்

முழுக்கு எடுக்க விரும்புகிறவர் முதலில் சபை முன் வந்து தன் சாட்சியை, அதாவது விசுவாசத்துக்கு வந்த கதையை, சொல்ல வேண்டும். பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு, சபை கூடிப் பேசிக் கை தூக்கும். மேடை ஓரத்துப் பக்கவாசல் வழியாகப் பின்முற்றத்துக்குப் போய் அவர் காத்திருப்பார். முற்றத்தைச் சுற்றி மதில். செருப்பெல்லாம் முன்வாசல் அலமாரியில் இருக்கும். எனவே வெளியே அனுப்பப்படுகிறவர் வெறுங்காலோடுதான் நிற்பார். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டுவிடுவார்கள், அதனால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆறேழு வருடம் இருக்கும். கம்பெனிப் பெண்களில் முதலில் கேட்டு வந்தவள் வசந்தா. ஸ்டிச்சிங் லைனில், ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைப்பவள். கணவன் இல்லை. சாட்சியைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். செயலாளர் என்ற முறையில் நான்தான் "வெளியில காத்திருங்க" என்றேன்.

அவள் போனதும் நான் எழுந்தேன். இவர்களுக்கு வேலை இன்றைக்கு இங்கே, நாளைக்கு ராணிப்பேட்டை, நிலைத்து இருப்பார்களா என்று கேட்டேன். வேதத்தைத் தானாக வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன். மூன்று மாதம் பார்க்கலாம் என்றேன். எதிர்த்து ஒருவர் பேசினார், நான் பதில் பேசினேன். முக்கால் மணி நேரம் போனது.

சித்திரை மாதம், மதியம். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஜன்னல். முற்றத்தில் நிழல் இல்லை, இருந்த ஒரே வேப்பமரத்தைச் சாக்கடைக் குழாய்க்காக வெட்டியிருந்தோம். வசந்தா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். நாள் முழுக்க யார் யாருடைய காலுக்கோ ஷூ தைக்கிறவள். அவளுடைய செருப்பு முன்வாசலில் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பேச்சைத் தொடர்ந்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தாள். மறுபடி வெளியே நின்றாள். அந்த முறை சேர்த்துக்கொண்டோம். எஸ்தர் டீச்சர் அவள் முதுகைத் தாங்கினார். அதற்கப்புறம் இந்த ஆறு வருடத்தில் அவள் ஒரு வாரம் தவறியதில்லை. அவளைத் தொடர்ந்து மற்றக் கம்பெனிப் பெண்களும் ஒவ்வொருவராக முழுக்கு எடுத்து அங்கத்தினர் ஆனார்கள்.

பாஸ்டரின் மேஜை

அந்த ஏழு பேரும் என் கையை நம்பி முதுகைச் சாய்ப்பார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. மார்பளவு தண்ணீரில் நிற்பதையும் தாங்க முடியாது. இரண்டில் எது என்னைப் பேச வைத்தது என்று கேட்டால், மனசாட்சிதான் என்று சொல்ல ஆசை. சத்தியமாக எனக்குத் தெரியாது.

முதலில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"எங்கிட்ட கூட சொல்லலயா, சுகிர்தா?"

"உங்ககிட்டதாங்க ஜாஸ்தி பயம்."

"இப்போ யாருக்குத் தெரியும்? முட்டி வலின்னு சொல்லிட்டு விட்டுடு."

"விட்டுட்டுதானே இருந்தேன்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காபியைத் தானே போட்டுக் குடித்தார். சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்கக் கூட வாயைத் திறக்கவில்லை, சர்க்கரை இல்லாமலே குடித்தார். மூன்றாம் நாள் காலை, "பாஸ்டர் வீட்டுக்கு நானும் வர்றேன்" என்றார்.

பாஸ்டர் கேட்டுவிட்டு எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பாவம், அவருக்கும் வியர்த்துவிட்டது.

"கர்த்தர் மன்னிச்சிருவாருன்னு நான் சொல்லிடலாம்மா. ஆனா சபைதான் முடிவு பண்ணணும், நான் ஒருத்தன் பண்ண முடியாது. நீங்க முறைப்படி வாங்க. சாட்சி சொல்லுங்க. ஓட்டுக்கு விடுவோம்."

"வேணாம்னு சொல்லிட்டா?"

சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த ஒரு வாரம் நான் தூங்கியது கொஞ்சம்தான். எங்கள் ஆட்களுக்கு நான் தலைகுனிவு. கம்பெனிப் பெண்களுக்கு நான் வாசலில் நிற்க வைத்தவள். எந்தப் பக்கத்திலிருந்து எனக்காக ஒரு கை எழும்பும் என்று எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்காரர் கை ஒன்று. மற்றதெல்லாம் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை

கூட்டம் மதியம் இரண்டு மணிக்கு. ஆலயம் நிறைந்திருந்தது. நான் சுருக்கமாகச் சொன்னேன். கிணற்றையும் தண்ணீர் பயத்தையும் சொன்னேன். டியூட்டியைக் கேட்டு வாங்கியதைச் சொன்னேன். "ஆமாம் பாஸ்டர்" என்றதைச் சொன்னேன். முன்வரிசையில் சபை நிர்வாகியான எங்கள் மூத்த டீக்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பின்வரிசைப் பெண்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சொல்லி முடித்ததும் ஒரு குழப்பம். "வெளியில காத்திருங்க" என்று சொல்வது செயலாளரின் வேலை. பாஸ்டர் பழக்கத்தில் என்னைப் பார்த்தார். யாரும் சொல்லாமல் நானே பக்கவாசலைத் திறந்து, வெளியே போனேன்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரை அந்த வாசல் வழியாக அனுப்பியிருக்கிறேன். வெளியே நின்றால் உள்ளே பேசுவது ஒரு சொல்லும் காதில் விழாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. குரல் கேட்கிறது, வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஆண் குரல். பிறகு அமைதி. பிறகு ஒரு பெண் குரல், யாருடையது என்று தெரியவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ சிரித்தார்களா, இருமினார்களா?

தரை சுட்டது. முதலில் பாதம் பொறுத்துக்கொண்டது. பிறகு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன். ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது என்று மதிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. நல்லதென்றால் இவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும், இழுத்தடித்துப் பழகியவள் நான்தானே. கால் மணி நேரத்துக்கு அப்புறம் நாடி பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கதவு திறந்தது. வசந்தா வந்தாள். அவள் கையில் என் செருப்பு இருந்தது.

முன்வாசல் அலமாரியில் இருந்து அதை எடுத்து, ஆலயம் முழுக்க எல்லார் கண் முன்னாலும் கையில் பிடித்து நடந்து வந்திருக்கிறாள். குனிந்து என் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்குங்க சிஸ்டர். தரை கொதிக்குது."

"இன்னா ஆச்சு வசந்தா?"

"ஓட்டு அப்பவே முடிஞ்சிடுச்சு சிஸ்டர். ஒரு நிமிஷம் கூட ஆகல. எல்லாரும் தூக்கிட்டாங்க."

"அப்புறம் ஏன் இவ்ளோ நேரம்?"

"தண்ணில உங்க பக்கத்துல யாரு நிக்கிறதுன்னு பேச்சு வந்துச்சு. இந்தத் தொட்டில எடுத்தவங்க, ஒடம்புல தெம்பு இருக்கறவங்க வேணும்ல. டீக்கன் ஐயா யோசிச்சாரு. மெட்ராஸ்ல இருந்து எஸ்தர் டீச்சர வர வைக்கலாமான்னு கூட கேட்டாங்க. நான் நிக்கிறேன்னு சொன்னேன்."

சுட்டுச் சிவந்த கால் செருப்பில் நுழைய மறுத்தது. அவள் உட்கார்ந்து வாரைப் பிடித்துக்கொடுத்தாள்.

"எனக்குத் தண்ணின்னா பயம் வசந்தா."

"சொன்னீங்களே உள்ள. கண்ணைத் தொறந்தே வெச்சுக்குங்க. நான் கெட்டியா புடிச்சுக்கறேன்."

அதோடு உள்ளே போயிருக்கலாம். கூட்டம் காத்திருந்தது. ஆனால் இன்றைக்குச் சொல்லாவிட்டால் அதையும் இன்னொரு நாற்பது வருடம் சுமப்பேன் என்று தோன்றியது. எனக்கு நாற்பது வருடம் மிச்சமில்லை.

"அன்னிக்கு நீ இங்க நின்னப்போ நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன். உன் காலப் பாத்தேன்."

வசந்தா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"தெரியும் சிஸ்டர். நானும் உங்களப் பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் செருப்போடு ஆறேழு அடி நடந்து, வாசலில் அதைக் கழற்றிவிட்டு, அவளுக்குப் பின்னால் உள்ளே போனேன்.